பொறி பிறக்கும் நேரம்

பங்காருப்பேட்டைச் சந்திப்பிலிருந்து பிரியும் கிளை இருப்புப்பாதை மாரிக்குப்பத்தில் முடிவடைகிறது. அப்பாதையை ஒட்டிக் கோரமண்டல், ஊரிகம், சாம்பியன் ரீஃப் என விரிந்து கிடக்கும் ஊர்த்தொகுதியே கோலார் தங்கவயல். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்டது. அதன்பின் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் திரள்திரளாக இங்கு வந்து குடியேறின. மண்ணை நம்பி வாழ்ந்தவர்கள் இங்கே இயந்திரங்களோடு வாழக் கற்றார்கள். ஆட்களைக் கீழே இறக்கும் சுழல் இயந்திரம், பாறையைத் துளைக்கும் காற்றழுத்தத் துளைப்பான், ஊற்று நீரை மேலேற்றும் இறைப்பான் ஆகியவற்றின் ஓசையைக் கேட்டே நலமும் பழுதும் அறிந்தவர்கள் பலர் இவ்வூரில் இருந்தனர்.

மின்சாரமும் இவ்வூருக்கு முன்னதாகவே வந்தது. மைசூர் திவானாக இருந்த சேஷாத்திரி ஐயர் காலத்தில் திட்டமிடப்பட்ட சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து, ஏறத்தாழ 147 கி.மீ. நீளமுள்ள கம்பி வழியாக, 1902-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் தங்கவயலுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. பெங்களூரு நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பின்னரே. அதே 1902-ஆம் ஆண்டில், செர்மனியில் ராபர்ட் போஷ் அவர்களின் பட்டறையில் பணியாற்றிய கோட்லோப் ஹோனோல்டு என்னும் பொறியாளர், உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற தீப்பொறிச் செருகியையும் உருவாக்கினார். ஒன்று மலையருவியின் ஆற்றலை ஊர் முழுமைக்கும் கொண்டு வந்தது. மற்றொன்று எஞ்சினுக்குள் ஓர் அரிசிமணி அகலத்தைவிடக் குறைவான இடைவெளியில் மின்பொறியைத் தாவச் செய்தது. இப்பாடம் அந்தச் சிறிய பொறியைப் பற்றியது.

ராபர்ட்சன்பேட்டையில் உள்ள ஒரு பட்டறைக்குப் பழைய புல்லட் வண்டி ஒன்று தள்ளிக்கொண்டு வரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபின், விடியற்காலையில் பெங்களூருக்குத் தொடர்வண்டி ஏறுவது இவ்வூரார் பலருக்கு அன்றாட வழக்கமாயிற்று. வண்டியின் உரிமையாளரும் அவர்களுள் ஒருவர். காலையில் எஞ்சின் எழவில்லை என்றால் தொடர்வண்டி தவறும். தொடர்வண்டி தவறினால் ஒருநாள் கூலி போகும். வேறோர் இடத்தில் புதிய பிளக்கும் புதிய காயிலும் மாற்றிப் பார்த்துவிட்டார். செலவு ஏறியது, பழுது தீரவில்லை. பழுது எங்கே என்று தேடாமல் உறுப்புகளை மாற்றிக்கொண்டே போவது கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிவதற்கு ஒப்பானது. என்றாவது ஒரு கல் இலக்கில் படலாம். அதுவரை எறிந்த கற்களுக்கெல்லாம் விலை கொடுப்பவர் வண்டிக்காரரே. தேர்ந்த பழுதுநீக்குபவர் உறுப்பை மாற்றுமுன் சோதிக்கிறார். அந்தச் சோதனைக்கு ஓர் ஒழுங்கு உண்டு.

பெட்ரோல் எஞ்சின் இயங்கப் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை வேண்டும். அக்கலவையை உந்துதண்டு அழுத்த வேண்டும். அழுத்தப்பட்ட கலவையில் உரிய நேரத்தில் பொறி விழ வேண்டும். டீசல் எஞ்சினுக்குப் பொறி தேவையில்லை. காற்று மிகுதியாக அழுத்தப்படும்போது எழும் வெப்பமே அங்கு எரிபொருளைப் பற்றவைத்துவிடும். 1964-இல் தொடங்கப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் தங்கவயலில் உருவாக்கும் மண்வாரி இயந்திரங்களில் பிளக்கைத் தேடினால் கிடைக்காது. புல்லட்டிலோ பொறியே உயிர்.

மின்கலத்தில் இருப்பது 6 அல்லது 12 வோல்ட் அழுத்தமே. அது காற்றிடைவெளியைத் தாண்ட வல்லதன்று. எனவே அது முதலில் காயில் எனப்படும் தூண்டு சுருளுக்குச் செல்கிறது. சுருளின் உள்ளே தடித்த கம்பிச் சுற்று ஒன்றும், மிக மெல்லிய கம்பியின் பல்லாயிரம் சுற்றுகளும் உள்ளன. தடித்த சுற்றில் ஓடும் மின்னோட்டம் காந்தப் புலத்தை எழுப்புகிறது. அந்த ஓட்டத்தைத் திடீரென அறுத்தால் காந்தப் புலம் சரிகிறது. அது சரியும் கணத்தில் மெல்லிய சுற்றில் பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் தோன்றுகிறது. ஓட்டத்தை அறுக்கும் வேலையைச் செய்பவை பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகள். ஒரு சிறு புடைப்புச் சக்கரம், அதாவது கேம், சுழன்று அவற்றைத் திறக்கிறது. தொடுமுனைகள் சேர்ந்திருக்கும்போது பொறி இல்லை. பிரியும்போதுதான் பொறி பிறக்கிறது. புதிதாகக் கற்போர் பலர் இதைத் தலைகீழாகவே எண்ணிக்கொள்கின்றனர்.

சோதனையைத் தொடங்குமுன் பெட்ரோல் குழாயின் திருகை மூட வேண்டும். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, அந்தத் துணியையும் அப்பால் வைக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பிளக் கம்பியை வெறுங்கையால் பிடிக்கலாகாது. ரப்பர் உறையிட்ட குறடு வேண்டும். இவற்றை மாணவர் தாமே செய்து பார்ப்பதற்கில்லை. பெரியவர் செய்கையில் அருகில் நின்று காண்பதே முறை.

முதலில் கழற்றப்படுவது பிளக். அதன் முனையைப் பார்த்தே எஞ்சினின் உடல்நிலையைக் கணிக்கலாம். மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வது போன்றது இது. முனை பிஸ்கோத்து நிறத்தில் வெளிர்பழுப்பாக இருந்தால் எரிதல் சீராக நடக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. கறுத்து எண்ணெய்ப் பசை ஏறியிருந்தால் மசகெண்ணெய் உள்ளே கசிகிறது. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் வெப்பம் அளவுக்கு மீறியிருக்கிறது. நம் புல்லட்டின் பிளக் நனைந்து பெட்ரோல் மணம் வீசுகிறது. ஆகவே பெட்ரோல் உள்ளே வந்து சேர்ந்திருக்கிறது, ஆனால் எரியவில்லை. கார்புரேட்டரைக் கழற்ற வேண்டிய தேவை இல்லை என்பது இந்த ஒரு பார்வையிலேயே தெளிவாகிறது.

பிளக்கைத் துடைத்து, அதன் இரு முனைகளுக்கும் இடையே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். எஞ்சினுக்கேற்ப அது 0.5 முதல் 0.7 மி.மீ. வரை இருப்பது வழக்கம். பின்னர் பிளக்கை அதன் கம்பியில் மாட்டி, அதன் உலோக உடல் எஞ்சினின் உலோகத்தைத் தொடுமாறு படுக்கவைத்து, கிக்கரை மிதிக்க வேண்டும். பிளக் கழற்றிய துளைக்கு அருகில் அதை வைத்துவிடக் கூடாது. மிதிக்கும்போது அத்துளை வழியே பெட்ரோல் ஆவி பீறிட்டு வரும். அங்கே பொறி பறந்தால் தீப்பிடிக்கும். பட்டறைகளில் நேரும் தீ விபத்துகளுக்கு இத்தகைய கவனக்குறைவு போதும்.

நீல நிறத்தில் ‘சட்சட்’ என்ற ஓசையுடன் பொறி தாவினால் அது வலிய பொறி. மஞ்சளாகவோ செந்நிறமாகவோ மெலிந்து தெரிந்தால் வலிமை போதாது. வெளியே பொறி தெரிந்துவிட்டது என்பதனாலேயே மனநிறைவு அடையவும் கூடாது. திறந்த காற்றில் தாவுவது எளிது. எஞ்சினுக்குள் கலவை பல மடங்கு அழுத்தப்பட்டிருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்ட மின்னழுத்தம் மிகுதியாக வேண்டும். வெளியே மெலிந்து தாவிய பொறி உள்ளே தாவாமலே போகலாம். நம் புல்லட்டில் தெரிவது மஞ்சள் பொறி. பிளக்கும் காயிலும் புதியவை. கம்பியும் அதன் தொப்பியும் வெடிப்பின்றி உள்ளன. ஐயம் இப்போது பாயிண்டின்மேல் விழுகிறது.

இங்கே சொற்களைப் பற்றி ஒரு செய்தி. தங்கவயல் பட்டறையில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும். ஆனால் பிளக், பாயிண்ட், காயில், கண்டன்சர், டைமிங் என்னும் சொற்கள் எம்மொழி பேசுவோர்க்கும் பொது. நூல்களில் தீப்பொறிச் செருகி, தொடுமுனை, தூண்டு சுருள், மின்தேக்கி என எழுதுகிறோம். இரண்டும் தமிழ் மாணவருக்கு வேண்டும். பட்டறைச் சொல்லைத் தாழ்வாக எண்ணுபவர் உறுப்பைக் கேட்டு வாங்க இயலாது. நூற்சொல்லை அறியாதவர் அவ்வுறுப்பு என்ன செய்கிறது என்பதை எளிதில் விளங்கிக்கொள்ள இயலாது. ‘செருகி’ என்றால் செருகப்படுவது. ‘தேக்கி’ என்றால் தேக்கி வைப்பது. பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

வட்ட மூடியைத் திறந்தால் தொடுமுனைகள் தெரிகின்றன. அவற்றின் முகம் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருக்க வேண்டும். மேடும் பள்ளமுமாக இருந்தால் மெல்லிய அரத்தால் சமன் செய்து, தூய தாளை இடையில் செருகி இழுத்துத் தூசையும் எண்ணெயையும் நீக்குவர். தங்கவயலில் தூசுக்குப் பஞ்சமில்லை. தங்கம் பிரித்தபின் கொட்டப்பட்ட அரைத்த கல்மாவு, சயனைடு மேடுகளாக ஊருக்குள்ளேயே குன்றுகள்போல் நிற்கிறது. காற்றடி காலத்தில் அந்த மாவு வீட்டுக்குள்ளும் படியும், பாத்திரத்திலும் படியும். மூடி சரியாகப் பொருந்தவில்லை என்றால் பாயிண்டிலும் படியும். ஆகவே மூடியைத் திறக்குமுன் சுற்றுப்புறத்தைத் துடைப்பது இவ்வூருக்கு மிகவும் பொருந்தும் நற்பழக்கம்.

அடுத்து இடைவெளி. எஞ்சினை மெல்லச் சுழற்றி, கேமின் மேட்டில் பாயிண்ட் முழுவதும் திறந்து நிற்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்நிலையில் ஃபீலர் கேஜ் என்னும் தகட்டு அளவியைச் செருகிப் பார்க்க வேண்டும். புல்லட்டுக்கு 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருத்தல் வேண்டும். தகடு சிறிது உரசிக்கொண்டே நகர்ந்தால் அளவு சரி. நம் வண்டியில் 0.20 மி.மீ. தகடே நுழைய மறுக்கிறது. கேமின்மேல் உராய்ந்துகொண்டிருக்கும் பாயிண்டின் குதிகால் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேய்ந்திருக்கிறது. அது தேயத்தேய இடைவெளி சுருங்கியிருக்கிறது. இடைவெளி சுருங்கினால் ஓட்டம் தெளிவாக அறுபடாது; முனைகளுக்கு இடையிலேயே மின்சாரம் தாவி வீணாகும்; பிளக்குக்குச் செல்லும் பொறி மெலியும். பழுதின் வேர் இதுவே. திருகைத் தளர்த்தி, நிலைமுனையை நகர்த்தி, அளந்து, மீண்டும் இறுக்க வேண்டும். இறுக்கும்போது அளவு மாறிவிடுவது உண்டு. ஆதலால் இறுக்கியபின் மறுமுறை அளப்பது கட்டாயம். கேமின்மேல் ஒரு கடுகளவு பசைமசகு தடவினால் குதிகால் விரைவில் தேயாது.

எஞ்சின் ஓடும்போது பாயிண்டுகளுக்கு இடையே கண்ணைப் பறிக்கும் பொறி எழுந்தால் மின்தேக்கி கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அதைச் செம்மை செய்ய இயலாது; மாற்றவே வேண்டும்.

பலர் இத்துடன் மூடியை மாட்டிவிடுகின்றனர். அது தவறு. பொறி வலியதா என்பது ஒரு கேள்வி. அது வேளைக்கு வருகிறதா என்பது வேறொரு கேள்வி. ஊஞ்சலைத் தள்ளுபவரை நினைத்துப் பார்க்கலாம். ஊஞ்சல் தம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் கை மணிக்கட்டு வலிக்கும். அது தொலைவுக்குப் போனபின் தள்ளினால் கை காற்றைத்தான் தள்ளும். திரும்பத் தொடங்கும் கணத்தில் தள்ளினால் சிறு தள்ளலுக்கே ஊஞ்சல் உயரப் போகும். உந்துதண்டின் மேலும் அவ்வாறே அழுத்தம் விழ வேண்டும்.

ஆனால் பொறி விழுந்தவுடன் கலவை முழுவதும் ஒரேயடியாக எரிந்துவிடுவதில்லை. தீ பரவ ஏறத்தாழ ஒரு நொடியின் ஐந்நூற்றில் ஒரு பங்கு ஆகிறது. மிகக் குறுகிய நேரம்தான். எனினும் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினின் கணக்கு வேறு. அது நொடிக்கு 50 சுற்று. அதாவது நொடிக்கு 18,000 பாகை. தீ பரவி முடிவதற்குள் எஞ்சின் 36 பாகை திரும்பிவிடும். ஆகையால் உந்துதண்டு உச்சியை அடைவதற்கு முன்னரே பொறி விழ வேண்டும். வேகம் கூடக்கூட இன்னும் முன்னதாக விழ வேண்டும். அதற்கென்றே புல்லட்டில் சுழற்சி விசையால் விரியும் சிறு எடைகள் அமைந்துள்ளன. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு இதே வேகத்தில் இரண்டு மணி நேரம் எஞ்சின் ஓடினால், அந்தச் சிறு பாயிண்ட் 1,80,000 முறை திறந்து மூடியிருக்கும்.

பொறி பிந்தினால் எஞ்சின் சூடேறும், ஏற்றத்தில் இழுக்காது, பெட்ரோல் வீணாகும். மிகவும் முந்தினால் ‘டக்டக்’ என்று உள்ளே அடிக்கும். கிக்கரை மிதிக்கும்போது உந்துதண்டு எதிர்த்திசையில் உதைக்கப்பட்டு, கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். புல்லட்டின் கிக்கரிடம் அடிவாங்கிக் கணுக்கால் வீங்கியவர்கள் ஊர்தோறும் உண்டு.

பாயிண்ட் இடைவெளியைக் கூட்டினால் பாயிண்ட் முன்னதாகத் திறக்கும். குறைத்தால் பிந்தித் திறக்கும். எனவே இடைவெளியை மாற்றியவர் டைமிங்கையும் மாற்றிவிட்டார்; அவர் அதை அறிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அதுதான் உண்மை. இடைவெளி முதலில், டைமிங் பின்னர் என்பதே வரிசை. வரிசையை மாற்றிச் செய்தால் இருமுறை உழைக்க நேரிடும்.

டைமிங் வைக்க உந்துதண்டின் உச்சநிலையை அறிய வேண்டும். பிளக் துளையில் கட்டைவிரலை வைத்து எஞ்சினை மெல்லச் சுழற்றினால், ஒரு சுற்றில் காற்று விரலைத் தள்ளும். அடுத்த சுற்றில் தள்ளாது. தள்ளுவதே அழுத்த வீச்சு. அவ்வீச்சில் துளை வழியே நீண்ட, மெல்லிய மூங்கில் குச்சியை விட்டால் அது உயர்ந்து சென்று நிற்கும். நின்ற இடம் உச்சி. கை நழுவினாலும் உள்ளே விழாத நீளம் குச்சிக்கு வேண்டும். உச்சியிலிருந்து எஞ்சினைச் சிறிது பின்னோக்கித் திருப்பி, பின்பு முன்னோக்கிக் கொண்டுவந்து, தயாரிப்பாளர் குறித்த அளவில் நிறுத்த வேண்டும். அந்த இடத்தில்தான் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும்.

திறக்கும் கணத்தைக் கண்ணால் காண இயலாது. அதற்குப் பட்டறைகளில் இரு வழிகள் உள்ளன. பழைய வழி, மிக மெல்லிய தாள் ஒன்றைப் பாயிண்டுகளுக்கு இடையே பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டே இருப்பது. முனைகள் சேர்ந்திருக்கும்வரை தாள் வராது; திறக்கத் தொடங்கியதும் நழுவி வரும். மற்றொன்று, சிறு மின்விளக்கின் ஒரு கம்பியைப் பாயிண்டின் முனையத்திலும் மறு கம்பியை எஞ்சின் உலோகத்திலும் இணைத்துச் சாவியைப் போடுவது. பாயிண்ட் மூடியிருக்கும்போது மின்சாரம் அதன் வழியே போய்விடும், விளக்கு எரியாது. திறந்த கணத்தில் விளக்கு எரியும். விளக்கு எரிவது முந்தினாலும் பிந்தினாலும், பாயிண்ட் பொருந்திய கூட்டைத் தளர்த்திச் சிறிது திருப்பிச் சரிசெய்வர். 1980-இல் ஓசூரில் பிறந்த டிவிஎஸ் 50 போன்ற மேக்னெட்டோ வண்டிகளில் இந்த விளக்குச் சோதனை இவ்வாறே பயன்படாது. தாள் எவ்வண்டிக்கும் உதவும். விளக்கைவிடத் தாளையே நம்பும் மூத்த கைகளும் உண்டு. நழுவுதலை விரல் உணர்வது அவர்களுக்குப் பழகிப்போயிற்று.

அண்மைக்கால வண்டிகளில் பாயிண்ட் இல்லை. காந்த உணரியும் மின்னணுப் பெட்டியும் அவ்வேலையைச் செய்கின்றன. அங்கே தேய்வதற்குக் குதிகாலும் இல்லை. திருப்புவதற்குக் கூடும் இல்லை. பிளக்கின் நிறத்தைப் பார்ப்பதும் பொறியின் நிறத்தைப் பார்ப்பதும் மட்டும் மாறவில்லை.

இனி நம் புல்லட். மூடி மாட்டப்பட்டது, பிளக் இறுக்கப்பட்டது, பெட்ரோல் திறக்கப்பட்டது. சாவியைப் போட்டதும் முன்விளக்கின் மேலுள்ள அம்மீட்டரின் முள் இடப்புறம் சாய்கிறது. பாயிண்ட் மூடியிருக்கிறது, காயில் மின்சாரத்தைக் குடிக்கிறது என்பது அதன் பொருள். நிறுத்திய வண்டியில் சாவியைப் போட்டபடியே விடக்கூடாது என்பதற்குக் காரணமும் அதுவே. கிக்கரை மெல்ல அழுத்தினால் ஓரிடத்தில் முள் நடுவுக்கு வந்து நிற்கிறது. பாயிண்ட் திறந்துவிட்டது, உந்துதண்டு உச்சிக்கு அருகில் உள்ளது. அழுத்தத்தைத் தளர்த்தும் சிறு நெம்பைப் பிடித்து, கிக்கரை இன்னும் சிறிது இறக்கி, உச்சியைக் கடக்கச் செய்து, கிக்கரை மேலே வரவிட்டு, முழு வீச்சில் ஒரு மிதி. எஞ்சின் எழுகிறது. புதிதாக வாங்கிய உறுப்பு ஏதுமில்லை. மாலைத் தொடர்வண்டியில் வருபவர் வண்டியை எடுத்துச் செல்லலாம்.

அருஞ்சொற்பொருள்

உந்துதண்டு – பிஸ்டன்
தூண்டு சுருள் – காயில்
தொடுமுனை – பாயிண்ட்
மின்தேக்கி – கண்டன்சர்
பாகை – வட்டத்தின் 360-இல் ஒரு பங்கு
மசகு – உராய்வைக் குறைக்கும் நெய்ப்பொருள்

பயிற்சி

1. பிளக் நனைந்திருப்பதிலிருந்து பழுதுநீக்குபவர் எதை அறிந்துகொண்டார்? எந்த வேலையைத் தவிர்த்தார்?
2. வெளியே தெரியும் பொறியை மட்டும் கொண்டு மனநிறைவு அடையக் கூடாது என்பது ஏன்?
3. நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் நான்கு வீச்சு எஞ்சினில் நொடிக்கு எத்தனை பொறிகள் பிறக்கும்? கணக்கிட்டு எழுதுக.
4. ‘தேயத்தேய’, ‘கூடக்கூட’ போன்ற அடுக்குகளைப் பயன்படுத்தி மூன்று தொடர்கள் அமைக்க.
5. உங்கள் வீட்டாரோ அண்டை வீட்டாரோ செய்யும் தொழிலில் வழங்கும் ஐந்து சொற்களைக் கேட்டு எழுதி, அவற்றுக்குத் தமிழில் விளக்கம் தருக.